கண்ணை மூடி ஓட்டிய பஸ்

மலாயாவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தைய வருஷம், மழைக்காலத்தில், நான் பஸ்ஸின் கூரையிலிருந்து விழுந்தேன். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. மலாக்காவிலிருந்து தம்பினுக்கு ஓடும் பஸ்ஸுக்கு நான்தான் டிரைவர். அந்த நாள்களில் மூட்டை முடிச்சு, கோழிக்கூடை, வாழைத்தார் எல்லாம் கூரைமேல்தான் வரும். ஆலோர் காஜாவில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் இறங்கினார். அவருடைய வாழைத்தாரை இறக்கிக் கொடுக்க ஆள் இல்லை. கண்டக்டர் உள்ளே டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். சரி, நானே ஏறுகிறேன் என்று ஏறினேன். நனைந்த தகரத்தில் கால் வழுக்கியது. வலது தோள் தரையில் மோத விழுந்தேன்.

எலும்பு ஒன்றும் முறியவில்லை. வலிகூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை. எழுந்து நின்று சட்டையில் ஒட்டிய சேற்றைத் தட்டப் பார்த்தேன். வலது கை வரவில்லை. தோளிலிருந்து அது சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெரியவர் வாழைத்தாரை மறந்துவிட்டு என் கையையே பார்த்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் ஊசியால் விரல் விரலாகக் குத்திப் பார்த்தார். கட்டைவிரலில் மட்டும் எறும்பு கடித்தது போல ஏதோ உணர்வு. அவர் சொன்னதை, உதவிக்குக் கூட நின்ற டிரெஸ்ஸர் தமிழில் சொன்னார்.

"நரம்பு இழுபட்டிருக்காம். அறுந்து போயிருந்தா ஒன்னும் செய்ய முடியாதாம். இழுபட்டது மட்டும்னா தானா வரலாம். ஆறு மாசம் பாக்கணும்ங்கிறாரு."

"வரலன்னா?"

அவர் அதை டாக்டரிடம் கேட்கவில்லை. கழுத்தில் தூளி கட்டி அனுப்பிவிட்டார்.

அப்போது நாங்கள் காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். நான், என் மனைவி, ஐந்து வயது மகள். மனைவிக்கு இருபத்தாறு வயது. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள், கல்யாணத்துக்கு முன்பு கித்தா மரம் சீவிப் பால் எடுத்தவள். பக்கத்து வீட்டில் மலாக்கா செட்டி அம்மா ஒருவர் இருந்தார்; பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழ் வம்சம். நெற்றியில் திருநீறு, உடுப்பு சாரோங் கெபாயா, பேச்சு மலாய். அவருக்குத் தெரிந்த தமிழ் பத்து வார்த்தை இருக்கும். என் மனைவிக்குத் தெரிந்த மலாய் அதைவிடக் கொஞ்சம் அதிகம். அதை வைத்துக்கொண்டு இருவரும் வேலிக்கு மேலே நாளெல்லாம் பேசுவார்கள்.

கை போன முதல் மாதத்தில் நான் நல்ல மனிதனாக இருக்கவில்லை. சோறு அவள் பிசைந்து கொடுக்க வேண்டும். சட்டைப் பொத்தான் அவள் போட வேண்டும். சுள்ளென்று கோபம் வரும். ஒருநாள் இடது கையால் கோப்பியைக் குடிக்கப் போய் மேலெல்லாம் கொட்டிக்கொண்டேன். பீங்கான் கோப்பையை வீசி எறிந்தேன். குழந்தை அழுதது. அவள் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"இந்தப் புள்ளய பெத்தப்ப எப்படி வலி தாங்கினேன்னு உங்ககிட்ட சொன்னதில்லைல?"

"இப்ப எதுக்கு அது?"

"கேளுங்க. கண்ண மூடிக்கிட்டு நான் பால் வெட்டுற மர நிரைக்குப் போயிட்டேன். மொத மரம், பழைய பால இழுத்துப் போடு, சீவு, கோப்பைய சரியா வை. அடுத்த மரம். இப்படியே ஒவ்வொரு மரமா. நர்ஸ் மிஸ்ஸி வந்து கத்துறாங்க, எனக்குக் காதுல விழல. இருநூறு மரம் தாண்டியிருப்பேன், புள்ள வெளிய வந்துடுச்சு. வலி இல்லாம இல்ல. ஆனா வலி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

மறுநாள் மதியம் சாப்பாடு முடிந்ததும் அவள் நாற்காலியை முன்னறையில் போட்டு என்னை உட்கார வைத்தாள். மாவுச் சல்லடையைக் கொண்டுவந்து, என் செத்த கையை எடுத்து அதன் விளிம்பில் வைத்து, மேலே தன் கையை வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ண மூடுங்க. வண்டிய எடுங்க."

"பைத்தியமா உனக்கு?"

"எடுங்க. ஆளுங்க ஏறிட்டாங்க."

சிரிப்பு வந்தது. விழுந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. கண்ணை மூடினேன். பஸ் நிலையத்திலிருந்து வண்டியை எடுத்தேன். கடைத்தெரு, பாலம், எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும் அதே தார்ச் சடக்கு. பாச்சாங் வளைவில் வலது கை கீழே இழுக்க வேண்டும், இடது கை மேலே தள்ள வேண்டும். நான் மனதுக்குள் இழுத்தேன். அவள் கை என் கையை இழுத்தது. எதிரே வந்த மாட்டுவண்டிக்கு ஒதுங்கினேன். செங் தாண்டி, ரப்பர்த் தோட்டத்து நிழலில் சடக்கு நேராகப் போகும் இடத்தில், பெட்ரோல் வாசனைகூட வந்தது.

"டிரைவர்! ஆள் எறக்கம் இருக்கு!" என்று மகள் கத்தினாள். அவள்தான் எங்கள் கண்டக்டர்.

அன்றிலிருந்து தினமும் ஒரு டிரிப் தம்பினுக்குப் போய் வந்தோம். எனக்கு நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், முதலில் இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் நான் முடவன் இல்லை. அது முடிந்த பிறகு குழந்தை மேல் எரிந்து விழுவதில்லை. தூக்கமும் நன்றாக வந்தது.

ஒன்பது வாரமோ பத்து வாரமோ ஆகியிருக்கும். ஒரு மதியம், அவள் தன் கையை எடுத்துவிட்டு முந்தானையைச் சரி செய்துகொண்டிருந்தாள். சல்லடையின் விளிம்பில் என் கட்டைவிரல் அசைந்தது.

நான் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தேன். அவள்தான் பார்த்தாள். "என்னாங்க," என்றாள். கண்ணைத் திறந்தபோது அவள் அந்தக் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பிறகு வேலிக்கு ஓடி, செட்டி அம்மாவைக் கூப்பிட்டு, "தாங்கான் ஹீடுப்! தாங்கான் ஹீடுப்!" என்று கத்தினாள். கை பிழைத்துவிட்டது என்று மலாயில் சொல்கிறாளாம்.

கட்டைவிரலுக்குப் பிறகு மணிக்கட்டு. அதற்குப் பிறகு முழங்கை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது நான் டிரெஸ்ஸரிடம் சல்லடைக் கதையைச் சொன்னேன். அவர் நல்லபடியாகவே சிரித்தார்.

"டாக்டர் அன்னிக்கே சொன்னாருல்ல, தானா வரலாம்னு. வந்துடுச்சு. நெனைச்சதுனால கெட்டது ஒன்னும் இல்ல. கை இறுகாம இருந்திருக்கு, மனசும் விட்டுப் போகல. ஆனா அதுதான் மருந்துன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க."

நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன். கோப்பிக்கடையில் சொன்னேன். டிப்போவில் சொன்னேன். மனசு நினைத்தால் உடம்பு கேட்கும் என்றேன். ஜூலையில் மறுபடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். நிஜச் சக்கரத்தை நிஜக் கையால் பிடித்தபோது என்னைவிடக் கெட்டிக்காரன் உலகத்தில் இல்லை என்று தோன்றியது.

சுதந்திர நாளன்று பஸ்ஸுக்கெல்லாம் காகிதக் கொடி கட்டியிருந்தார்கள். காலையிலிருந்து பண்டார் ஹிலிர் திடலுக்கு ஆள்களைக் கொண்டுபோய் இறக்கிக்கொண்டிருந்தேன். புதுச் சட்டை போட்ட குழந்தைகள், வாயெல்லாம் பாட்டு. ஒரு டிரிப்பில் மகள் ஏறினாள். செட்டி அம்மா கையைப் பிடித்திருந்தாள். மனைவி வரவில்லை.

"அம்மா எங்கடி?"

"வயிறு வலிக்குதாம். படுத்திருக்கு."

கூட்டம் தள்ளியது. நான் வண்டியை எடுத்துவிட்டேன். அன்று முழுக்க அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்துச் செட்டி அம்மா தண்ணீர்க் குழாய் அருகில் என்னை நிறுத்தினார். தன் வயிற்றின் வலது பக்கத்தில் கையை வைத்துக் காட்டி, "பினி லூ சாகிட். லாமா சுடா," என்றார். உன் பெண்சாதிக்கு உடம்பு சரியில்லை, வெகுநாளாக. குனிந்து துணி துவைக்கும்போது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாளாம். என் கை விழுந்து கிடந்த மாதங்களிலிருந்தே அப்படித்தானாம். "பெகி ஹோஸ்பிட்டல்," ஆஸ்பத்திரிக்குப் போ என்று இரண்டு முறை சொன்னார்.

வீட்டுக்குள் போய்க் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். தோலுக்கு அடியில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டியாக ஒன்று இருந்தது.

"எப்பலேருந்து?"

"தெரியல. உங்க கைய பாத்துக்கிட்டு இருந்ததுல இத பாக்கல."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"கத்தி வப்பாங்க. எனக்குப் பயமா இருக்குங்க. எங்கம்மா அப்படித்தான் போனாங்க, திரும்பி வரல."

இங்கேதான் நான் தவறு செய்தேன். அவள் பயந்தாள்; பயப்படுகிறவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். செட்டி அம்மா சொன்னதையாவது கேட்டிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என் கைய நீ கொண்டாந்தே. இத நான் கரைச்சுக் காட்டுறேன்," என்றேன். சொல்லும்போது அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் கொடுமை.

தினமும் வேலை முடிந்து வந்ததும் அவளைப் பாயில் படுக்கவைத்துப் பக்கத்தில் உட்காருவேன். கண்ணை மூடச் சொல்வேன். வயிற்றுக்குள் இருப்பது கற்கண்டு, சுற்றிலும் வெதுவெதுப்பான தண்ணீர், ஓரம் கரைகிறது, இன்னும் கொஞ்சம் கரைகிறது என்று மெதுவாகச் சொல்வேன். அவள் மூச்சு சீராகும். முகத்தில் சுருக்கம் விடும். சில நாள் அப்படியே தூங்கிவிடுவாள். அதைப் பார்த்து நான் ஏமாந்தேன். வலி குறைவதையும் நோய் குறைவதையும் ஒன்றென்று எண்ணிக்கொண்டேன்.

"எப்படி இருக்கு?" என்று கேட்பேன்.

"கொஞ்சம் சின்னதான மாதிரிதான் இருக்கு," என்பாள்.

நான் தொட்டுப் பார்ப்பேன். எனக்கும் சின்னதான மாதிரி இருக்கும். அவள் கன்னம் ஒட்டிப்போவதும், வளையல் முழங்கை வரைக்கும் ஏறுவதும் கண்ணில் படத்தான் செய்தன. வேலை அதிகம், சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படி இரண்டு மாதம் போயிற்று.

தீபாவளிக்குப் பிறகு ஒரு காலை, குளிக்கும் இடத்தில் மயங்கி விழுந்தாள். நான் தம்பினில் இருந்தேன். செட்டி அம்மாவும் அவருடைய மருமகனும்தான் வாடகைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சேதி கிடைத்து மாலையில் நான் போய்ச் சேர்ந்தபோது அதே டிரெஸ்ஸர் வராந்தாவில் நின்றிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். டாக்டர் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார், புற்று ஈரல் வரைக்கும் போய்விட்டது என்றார். வலிக்கு ஊசி போடுவார்களாம். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

"ரெண்டு மாசம் முன்னாடி கொண்டாந்திருந்தா?" என்று கேட்டேன்.

அவர் என் வலது கையைப் பார்த்தார். "அத சொல்ல முடியாதுங்க," என்றார். "அப்பவே முத்தியிருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம்." சல்லடைக் கதையை அவர் கிளப்பவில்லை. கிளப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வார்டில் அவள் சுவர்ப் பக்கக் கட்டிலில் கிடந்தாள். மயக்கம் தெளிந்திருந்தது. நான் உட்கார்ந்து, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். "கண்ண மூடு புள்ள. தண்ணி வெதுவெதுன்னு இருக்கு. கற்கண்டு..."

"அது வேணாங்க," என்றாள்.

நான் நிறுத்தினேன்.

"கோவிச்சுக்காதீங்க. அது கரையல. ஒரு நாளும் கரையல. நீங்க ஆசையா கேட்டீங்க, அதான் சின்னதாச்சுன்னு சொன்னேன். தெனம் அதையே நெனைச்சு நெனைச்சு அலுத்துப் போச்சு. நான் சரியா நெனைக்கலயோ, அதான் கரையலயோன்னு வேற ஒரு பயம். இனிமே அத நெனைக்கச் சொல்லாதீங்க."

அவள் நோயோடு சேர்த்து அந்தப் பயத்தையும் இரண்டு மாதம் சுமந்திருக்கிறாள். அதைக் கொடுத்தவன் நான். அவள்தான் பேச்சை மாற்றினாள்.

"வீட்ட சொல்லுங்க."

"வீட்ட என்னா சொல்ல?"

"காலைல என்னா நடந்துச்சு? பாப்பா என்னா சாப்புட்டுச்சு? எனக்குத் தெரியணும்ல."

அன்றிலிருந்து பார்வை நேரத்தில் அதைத்தான் செய்தேன். மகள் காலையில் ரொட்டியைக் கோப்பியில் நனைத்துச் சாப்பிட்டதைச் சொன்னேன். அடுப்பங்கரை ஜன்னலில் வெயில் எதுவரைக்கும் வந்தது என்று சொன்னேன். கொடியில் எந்தத் துணி காய்கிறது, எது இன்னும் ஈரம் என்று சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "ம், அப்புறம்?" என்பாள். "அந்த நீலச் சட்டைய நெழல்ல போடச் சொல்லுங்க, சாயம் போயிடும்," என்பாள். ஊசியின் வேகம் குறைந்து விரல்கள் போர்வையை இறுக்கும் நேரத்திலும், வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அந்த விரல்கள் மெல்லத் தளரும். கட்டில் கம்பியில் அவள் மணிக்கட்டு சும்மா கிடக்கும். நான் அதையே பார்த்துக்கொண்டு பேசுவேன்.

ஒருநாள் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. செட்டி அம்மாவின் கோழி அடையில் இருந்தது. பதினொரு குஞ்சு பொரித்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். உண்மையில் முட்டையெல்லாம் கூமுட்டை. அவள் சிரித்தாள். "பதினொன்னா? ஒன்னு ரெண்ட நம்மளுக்குக் கேட்டு வாங்குங்க," என்றாள். மறுநாள் செட்டி அம்மா வந்தபோது, நான் வழியிலேயே மறித்து விஷயத்தைச் சொல்லி வைத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். கட்டில் அருகில் உட்கார்ந்து, ஒவ்வொரு குஞ்சும் என்ன நிறம் என்று மலாயில் விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

அவள் இறந்தது பிற்பகலில். நான் டிரிப்பில் இருந்தேன். டிப்போவில் இறங்கும்போது மேனேஜர் வெளியே வந்து நின்றார். அவர் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்தது.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், பாச்சாங் வளைவில் என் வலது கை மரத்துப்போனது. எப்படியோ இடது கையால் ஒடித்து வண்டியை ஓரத்தில் நிறுத்தினேன். கண்டக்டர் என்னவென்று கேட்டார். விரலை மடக்கப் பார்க்கிறேன், மடங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசியால் குத்திப் பார்த்தார்கள். எல்லா விரலிலும் சுருக்கென்றது. நரம்பில் குறை ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். டிரெஸ்ஸர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"வீட்ல யாராவது பெரியவங்க இருக்காங்களா?"

"யாரும் இல்ல. நானும் புள்ளயும்தான்."

"அழுதீங்களா?"

"நேரம் இல்ல."

"கை அழுவுது," என்றார். பதினைந்து நாள் லீவுக்குச் சீட்டு எழுதி வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிப் பார்த்தேன். பஸ் நிலையம் வந்தது, பாலம் வந்தது. அதற்குமேல் வண்டி போகவில்லை. பக்கத்தில் யாரும் ஏறவில்லை. அன்றுதான் அழுதேன். மகள் கதவருகில் நின்று பார்த்தாள். பிறகு வந்து என் மடியில் ஏறிக்கொண்டு அவளும் அழுதாள்.

ஜனவரியில் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். இரட்டைச் சடை பின்ன வேண்டும். முதல் சில நாள் செட்டி அம்மா பின்னினார். ஒரு காலை அவர் கோயிலுக்குப் போய்விட்டார். மணி அடிக்கப் போகிறது, பிள்ளை சீப்பை நீட்டிக்கொண்டு நிற்கிறது. நான் முடியை மூன்றாகப் பிரித்தேன். அவசரத்தில் எந்தக் கை என்ன செய்கிறது என்று கவனிக்கவில்லை. ரிப்பன் கட்டி முடித்தபோதுதான் முடிச்சைப் போட்டது வலது கை என்று பார்த்தேன். சடை ஒன்று மேலே, ஒன்று கீழே. மகள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பரவால்லப்பா," என்று சொல்லி ஓடினாள்.

அந்தக் கையோடு இன்னும் இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினேன். நினைப்பினால் அது வந்ததா, தானாக வந்ததா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். மகளுக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தாலும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வயிற்றுவலி என்றால் அவள் சொல்லி முடிப்பதற்குள் செருப்பை மாட்டிவிடுவேன். ஆஸ்பத்திரி மிஸ்ஸிகள் என்னைக் கண்டாலே சிரிப்பார்கள்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு, ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அந்த இரண்டு மாதத்தை அவளிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை. கற்கண்டைச் சொன்னேன். அம்மா என்னிடம் பொய் சொன்னதையும், ஏன் சொன்னாள் என்பதையும் சொன்னேன்.

அவள் கையை இலையில் வைத்தபடியே கேட்டாள். பிறகு, "அம்மா உங்கமேல கோவப்பட்டாங்களா?" என்றாள்.

"இல்ல. ஒரு வார்த்தகூட சொல்லல."

"திட்டியிருந்தா உங்களுக்குக் கொஞ்சம் சொகமா இருந்திருக்கும்ல?"

நான் இலையில் இருந்த சோற்றைப் பிசைந்தேன். அவள் எழுந்து போய் எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம் கொண்டுவந்து ஊற்றினாள். இருவரும் மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தோம்.